நண்பர் நீட்டும் குவளை



கள்ளுண்ணாமைக்கென்று தனியோர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் அவையில், வீட்டில் வடித்த பியரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். குடியின் சிறப்பைப் பாடுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஒருவர் தம் கையால் ஆக்கிய ஒன்றை நண்பரிடம் நீட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கின்றாரே, அந்த நொடிதான் இவ்வுரையின் பொருள். அந்த நொடியில் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைக் கவிதை எழுதுவோர் பல நூற்றாண்டுகளாகப் பேசி வருகின்றனர். பேசிய அளவுக்குத் தீர்வு கண்டனரா என்பது ஐயமே. அமெரிக்காவில் வீட்டில் பியர் வடிக்கும் எளிய மனிதர்கள் சிலர் அரை நூற்றாண்டுக்குள் அதற்கென்று ஒரு மொழியையும் முறையையும் உருவாக்கிக்கொண்டனர். அவற்றை அறிந்துகொள்வதில் கவிஞர்களுக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

முதலில் சற்று வரலாறு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. விலக்கு நீங்கியபின் வீட்டில் திராட்சை மது ஆக்கிக்கொள்ள வழி பிறந்தது. பியருக்கு அவ்வழி பிறக்கவில்லை. 1978 அக்டோபர் 14ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அக்கதவைத் திறந்தது. வயது வந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீட்டில் 200 காலன் என்று அளவு வகுக்கப்பட்டது. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இசைந்து, கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் வழிக்கு வந்தன. பிரிட்டனில் இதற்கென இருந்த உரிமச் சீட்டு 1963இலேயே நீக்கப்பட்டிருந்தது. இது சாராயம் காய்ச்சுவதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில் வாலை இல்லை; அடுப்பில் கொதிப்பது முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்புச் சாறு மட்டுமே.

விற்கக் கூடாது என்ற அந்த ஒரு விதியே இவ்வுரைக்கு அடிப்படை. விற்கும் பொருளுக்குச் சந்தை தீர்ப்புச் சொல்லிவிடும். வாங்கியவன் மறுமுறை வரமாட்டான், அவ்வளவுதான். விற்க முடியாத பொருளுக்கு நண்பனின் நாவை விட்டால் வேறு நீதிமன்றம் இல்லை. முந்நூறு படிகள் அச்சிட்டு நண்பர்களுக்கே கொடுத்துத் தீர்க்கும் கவிதைத் தொகுப்பின் நிலையும் ஏறத்தாழ இதுவே என்பதைக் கவிஞர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தக் குவளைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கமாக ஒரு முறைக்கு 5 காலன், அதாவது 19 லிட்டர் வடிப்பார்கள். வாற்கோதுமையை அளவான வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுத்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவை இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, விரைவாகக் குளிர்வித்து, ஈஸ்ட்டைச் சேர்ப்பதற்குள் ஒரு விடுமுறை நாளின் பெரும்பகுதி போய்விடும். அதன்பின் நொதிப்பதற்கு ஒன்றிரண்டு வாரங்கள். புட்டியில் அடைத்தபின் நுரை பிடிப்பதற்கு மேலும் இரண்டு வாரங்கள். இடையிடையே பாத்திரங்களையும் குழாய்களையும் புட்டிகளையும் கழுவும் வேலை. பியர் வடிப்பதில் பாதி பாத்திரம் கழுவுவதுதான் என்று வடிப்போரே நகையாடுவர். ஒரு மாதம் காத்திருந்து, ஏறத்தாழ ஐம்பது புட்டிகளை அடுக்கிவைத்து, அவற்றுள் முதலாவதைத் திறந்து நண்பரிடம் நீட்டும்போது அந்த முகத்தில் இருப்பதை எவர்தான் கலைக்கத் துணிவர்?

கலைக்கத் துணியாத நண்பர், "அருமை!" என்கிறார். பெரும்பாலோர் செய்வது இதுதான். அன்பினால் சொல்லப்படும் பொய் என்பதால் இதற்கு மன்னிப்பும் எளிதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். வடித்தவர் அதே குழாயை, அதே நீரை, அதே முறையை வைத்துக்கொண்டு அடுத்த 19 லிட்டரையும் வடிப்பார். மீண்டும் "அருமை!" எனக் கேட்பார். மூன்றாம் முறையும் அப்படியே. பாராட்டியவர்கள் ஒவ்வொருவரும் குவளையைப் பாதியிலேயே மேசைமேல் வைத்துவிட்டுப் போவதை ஒருநாள் கவனிப்பார். அன்று அவருக்குப் பியரின் குறை தெரியாது. நண்பர்களின் உள்ளம் மட்டும் தெரிந்துவிடும். பிறகு அவர்கள் உண்மையாகவே பாராட்டினாலும் நம்பமாட்டார்.

இன்னொரு வகையினர் உண்டு. முதல் மிடற்றிலேயே முகத்தைச் சுளித்து, "இதைக் குடிக்க முடியாது" என்று தீர்ப்புச் சொல்பவர்கள். இவர்கள் தம்மை உண்மை விளம்பிகள் என்று கருதிக்கொள்வதுண்டு. உற்று நோக்கினால் முன்னவரும் இவரும் ஒரே குறையுடையவர்களே. "அருமை" என்பதிலும் செய்தி இல்லை; "குடிக்க முடியாது" என்பதிலும் செய்தி இல்லை. இரண்டுமே சொல்பவரின் உணர்ச்சியைத் தெரிவிக்கின்றனவே தவிர, குவளைக்குள் இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரிவிக்கவில்லை.

இங்கேதான் வீட்டு வடிப்போர் உலகம் ஒரு நல்ல காரியம் செய்தது. கார்ட்டர் கையொப்பமிட்ட அதே 1978இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் சார்லி பபாசியனும் சார்லி மாட்சனும் அமெரிக்க வீட்டு பியர் வடிப்போர் சங்கத்தைத் தொடங்கினர். பபாசியன் அணுப்பொறியியல் பயின்றவர், ஆசிரியராகப் பணியாற்றியவர். பின்னர் 1985இல் பியர் நடுவர்களுக்குப் பயிற்சியளித்துத் தேர்வு நடத்திச் சான்றளிக்கும் அமைப்பு ஒன்றும் உருவாயிற்று. இவற்றின் பயனாக, ஆலைகளின் ஆய்வகங்களில் மட்டும் வழங்கிய சொற்கள் வீட்டுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்தன. குறை என்பது "நன்றாக இல்லை" என்ற புகையாக இருந்த நிலை மாறி, ஒவ்வொரு குறைக்கும் ஒரு மணமும் ஒரு பெயரும் ஒரு காரணமும் கிடைத்தன.

வெண்ணெய் மணம் வீசினால் அது டைஅசிட்டைல். ஈஸ்ட்டின் வேலை முடியுமுன் அவசரப்பட்டிருக்கலாம். சற்று வெதுவெதுப்பாக ஓரிரு நாள் விட்டிருந்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொண்டிருக்கும். நறுக்கிய பச்சை ஆப்பிள் மணம் அசிட்டால்டிஹைடு; பெரும்பாலும் இளமையின் அடையாளம், காத்திருந்தால் குறையும். அவித்த மக்காச்சோள மணம் கொதி போதாமையைக் காட்டும். மூடி போட்டுக் கொதிக்கவைத்தாரா என்று கேட்க வேண்டும். காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் மணம் குளோரினால் வருவது. ஊர்க்குழாய் நீரிலோ பாத்திரம் கழுவிய வெளுப்பு நீரிலோ குளோரின் இருந்திருக்கும். நனைந்த அட்டையின் சுவை, வடித்தபின் காற்றுப் பட்டதால் வருவது. அந்தப் புட்டிக்கு அதன்பின் மருந்தில்லை.

இச்சொற்களின் பெருமை அறிவியலோடு முடிந்துவிடவில்லை. "உன் பியர் மோசம்" என்னும்போது குற்றம் நண்பர்மேல் விழுகிறது. "பிளாஸ்திரி மணம் லேசாக வருகிறது, ஊர்க்குழாய் நீரா?" என்னும்போது குற்றம் நகராட்சியின் குளோரின்மேல் போய் விழுகிறது! நண்பர் தாழ்ந்துபோக வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இருவரும் ஒரே பக்கத்தில் நின்று, குவளையை எதிரில் வைத்துப் பார்க்கத் தொடங்குகின்றனர். நயமாகச் சொல்வது என்றால் குரலைத் தாழ்த்திச் சர்க்கரை தடவிச் சொல்வது என்று பலர் எண்ணுகின்றனர். துல்லியமாகச் சொல்வதே நயத்தின் பெரும்பகுதி என்பதை இம்மனிதர்கள் கண்டுகொண்டனர்.

துல்லியத்துக்கும் முன்னே நிற்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என்ன வடிக்க நினைத்தாய்?" என்பது. பவேரிய நாட்டுக் கோதுமை பியரில் வாழைப்பழ மணம் இருந்தே ஆக வேண்டும். அதே மணம் பில்சனரில் வந்தால் குறை. பெர்லின் நகரத்துப் புளிப்பு பியரிலும் பெல்ஜியத்து லாம்பிக்கிலும் புளிப்பே உயிர். மற்றவற்றில் அது பெரும்பாலும் கெட்டுப்போனதன் அறிகுறி. செக் நாட்டுப் பில்சனர் சிலவற்றில் சிறிதளவு வெண்ணெய் மணம் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வர். நோக்கத்தைக் கேட்காமல் குறை சொன்னவர், வசன கவிதையில் தளை தட்டுகிறது என்று திருத்தப் புகுந்தவரை ஒப்பார். அப்படிப்பட்டவர்களைக் கவிஞர்கள் சந்திக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

போட்டிகளில் நடுவர்கள் எழுதும் தாளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். மொத்தம் 50 மதிப்பெண்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10. எண்ணைவிட எழுத்துக்கே அங்கே மதிப்பு. ஒவ்வொரு பிரிவிலும் என்ன உணர்ந்தார் என்பதை நடுவர் சொற்களில் எழுத வேண்டும். வடித்தவர் இன்னார் என்பது நடுவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்தார் என்பதும் தெரியாது. ஆதலால் "நீ கொதிக்கவிடவில்லை" என்று எழுதமாட்டார். "கொதி குறைந்திருந்தால் இப்படி வரக்கூடும்" என்றுதான் எழுதுவார். ஒரே மேசையில் அமர்ந்த நடுவர்கள் எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசுவதில்லை. முதலில் பேசியவரின் சொல் மற்றவர் நாவில் ஏறிவிடும் என்பது அவர்கள் பட்டறிந்த செய்தி. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் "ஆகா" என்றதும் கவிதை நல்லதாகிவிடும் நிகழ்ச்சியை இங்கே நினைத்துக்கொண்டால் தவறில்லை. மிக மோசமான பியருக்கும் 13க்குக் கீழே போகாமல் மதிப்பெண் இடுவது நடுவர்களிடையே ஒரு மரபாக நிலைத்துள்ளது. அந்தப் பதின்மூன்றில் சுவையைக் காட்டிலும் ஒரு மாத உழைப்புக்குரிய மரியாதையே மிகுதி.

ஆயினும் நடுவரின் வேலையும் நண்பரின் வேலையும் ஒன்றல்ல. நடுவருக்கு முகம் தெரியாது. நண்பருக்கு முகம் மட்டுமே முதலில் தெரியும். விருந்துக்கு வந்த பத்துப் பேர் நடுவே நண்பர் குவளையை நீட்டினால், அங்கே மதிப்புரை வேண்டப்படவில்லை. மகிழ்ச்சியில் பங்குகொள்ளும் அழைப்பே நீட்டப்படுகிறது. "நிறம் அழகாக வந்திருக்கிறது" என்ற உண்மையை அப்போது சொன்னால் போதும். குறையை மறுநாள், இருவர் மட்டும் இருக்கும்போது, அவரே மீண்டும் கேட்கையில் சொல்லலாம். எந்தப் பியரிலும் உண்மையாகப் பாராட்ட ஒன்று இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பது நண்பரின் கடமை. இல்லாததைப் புனைவது கடமையன்று. பல குறைகள் இருந்தாலும் ஒன்றையோ இரண்டையோ சொன்னால் போதும். அடுத்த முறை ஒருவரால் திருத்த முடிவது அவ்வளவுதான். ஆறு குறைகளை அடுக்கியவர் தம் நாவின் கூர்மையைக் காட்டினார் என்பதன்றி வேறு பயன் செய்யவில்லை.

சுவைப்பவரின் நாவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. டைஅசிட்டைல் சிறிதளவு இருந்தாலே உணர்வோர் உண்டு. நிறைய இருந்தாலும் உணராதோரும் உண்டு. பயிற்சி பெற்ற நடுவர்களிடையேகூட இவ்வேறுபாடு காணப்படுகிறது. "என் மூக்குக்கு இப்படித் தோன்றுகிறது" என்பது பணிவுக்காகச் சேர்க்கும் சொல் மட்டுமன்று. நேர்மைக்காகவும் சேர்க்க வேண்டிய சொல்.

இதைவிடச் சங்கடமான நிலையும் ஒன்று உண்டு. நண்பர் பச்சைப் புட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தனுப்புகிறார். பெற்றவர் அதை வெயில் படும் சன்னலோரம் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் திறக்கிறார். ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றம் போன்ற ஒரு வாடை எழுகிறது. ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருளில் ஒளி பட்டால் விளையும் கந்தகச் சேர்மம் அது. பழுப்புப் புட்டி ஒளியைப் பெரிதும் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் அவ்வாறு தடுப்பதில்லை. பியர் கெட்டதென்னவோ உண்மை. கெடுத்தவர் வடித்தவரா, குறை சொல்ல வாய் திறந்தவரா? கவிதையை இரைச்சல் மிகுந்த பேருந்தில் படித்துவிட்டு ஓசை இல்லை என்று சொல்வோரும் இருக்கின்றனர்.

இதுவரை சொன்னவை யாவும் பொறுமையின் பக்கம் பேசின. பொறுமை கூடாத இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது. மூடியைத் திறந்ததும் பியர் நுரையாகப் பொங்கிப் பாதிப் புட்டி தரையில் ஓடுகிறது என்று கொள்வோம். விருந்தினர் சிரிப்பர். நண்பர் வெட்கப்பட்டுத் துடைப்பார். நயமுள்ளவர் ஒன்றும் நடவாததுபோல் இருந்துவிடுவார். பியரில் பொதுவாக நோய்க்கிருமிகள் வாழ்வதில்லை. ஆல்கஹாலும் புளிப்புத் தன்மையும் ஹாப்ஸும் அவற்றை விடுவதில்லை. எனவே குடித்தவருக்குத் தீங்கு இல்லையென்று எண்ணிச் சும்மா இருக்கத் தோன்றும். ஆபத்து குவளையில் இல்லை. மற்றப் புட்டிகள் அடுக்கியிருக்கும் அலமாரியில் இருக்கிறது. நொதித்தல் முடியுமுன் அடைத்ததாலோ, புட்டியில் இட்ட சர்க்கரை மிகுந்ததாலோ, வேண்டாத நுண்ணுயிர் புகுந்ததாலோ உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கலாம். அழுத்தம் தாங்காத கண்ணாடி வெடித்துச் சிதறும். அலமாரிக்குப் பக்கத்தில் குழந்தைகள் விளையாடக்கூடும். அங்கே "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்காகக் காத்திருக்கலாகாது, பத்துப் பேர் நடுவே என்றும் தயங்கலாகாது. நண்பரைத் தோள்தொட்டு ஒதுக்கி அழைத்து, "மற்றப் புட்டிகள் எங்கே?" என்று உடனே கேட்க வேண்டும். கையுறையும் கண்காப்பும் அணிந்து, துணி போர்த்திக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, நன்றாகக் குளிர்ந்தபின் ஒவ்வொன்றாக மூடி திறந்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். அன்றிரவு நண்பர் மனம் வருந்துவார், வருந்தட்டும். நயத்தைக் காக்க வாய் மூடி இருந்தவர், மறுநாள் அந்த வீட்டுக் குழந்தையின் கண்ணைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

எழுத்திலும் இவ்வகைப் புட்டிகள் உண்டு. எதுகை பிசகியதைப் பொறுமையாகச் சொல்லலாம். பிறர் வரியைத் தம் வரியென நம்பி ஒருவர் அச்சுக்கு அனுப்பவிருக்கும்போதோ, உயிரோடிருக்கும் ஒருவரைப் பெயர் தெரியும்படி இழிவுபடுத்திய கவிதை மேடையேறவிருக்கும்போதோ, மறுநாள்வரை காத்திருக்கும் நண்பர் நண்பரல்லர்.

இனி, கேட்கும் பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கலிபோர்னியாவின் சிக்கோ நகரில் வீட்டு வடிப்போருக்கான பொருள்களை விற்றுக்கொண்டிருந்த கென் கிராஸ்மன், 1980இல் தம் சியரா நெவாடா ஆலையில் வடிக்கத் தொடங்கியபோது, சுவை ஒரே சீராக அமையவில்லை என்று கண்டு தொடக்கத் தொகுதிகள் பலவற்றைச் சாக்கடையில் கொட்டினார். கடன்பட்டுத் தொடங்கிய சிறு ஆலை அது. எல்லோருக்கும் அத்தகைய துணிவும் நாவும் வாய்த்துவிடுவதில்லை. வாய்க்காதவர்கள்தாம் நண்பரின் நாவைக் கடன் கேட்கின்றனர். கேட்கும்போது "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதைவிட, "வெண்ணெய் மணம் வருகிறதா?" என்று கேட்பவருக்கு நல்ல விடை கிடைக்கும். கேள்வி குறுகினால் நண்பரின் நாவுக்கு உண்மை சொல்லும் துணிவு வருகிறது.

பிளாஸ்திரி மணம் என்று கேட்ட அந்த நண்பர், முதலில் சற்று முகம் வாடியிருக்கலாம். அடுத்த விடுமுறை நாளில் நீரில் மெட்டாபைசல்பைட்டு மாத்திரை ஒன்றில் சிறு துண்டைக் கரைத்துக் குளோரினை அகற்றுகிறார். மீண்டும் ஊறவைத்தல், கொதித்தல், குளிர்வித்தல், பாத்திரம் கழுவல். ஒரு மாதம் கழித்து ஐம்பது புட்டிகள் அடுக்கப்படுகின்றன. மூடிகளின்மேல் தொகுதி எண்ணும் நாளும் மையால் எழுதப்படுகின்றன. "அருமை" என்று சொன்னவர்களுக்கு விருந்தின்போது கொடுத்துக்கொள்ளலாம். முதல் புட்டியை மட்டும் துணியில் சுற்றித் தனியே எடுத்து வைக்கிறார், நீரைப் பற்றிக் கேட்டவருக்காக.